கிப்ஸ் சக்தியைப் பாடமாக்காமல் விளங்கிக்கொள்வது எப்படி

வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பால்கனிக் கம்பிக்குப் பெயின்ற் அடித்து அதிக நாள் போகாது, மூலைகளில் கபில நிறம் எட்டிப் பார்க்கும், நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகக் கையோடு வரும். அண்மையில் உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை அப்படி ஒரு செதிலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "சேர், எந்திரப்பி கூடுற பக்கம்தான் எல்லாம் தானா நடக்கும் எண்டு சொன்னீங்கள். இதில வாயுவாத் திரிஞ்ச ஒட்சிசன் திண்மத்துக்குள்ள போய் அடைபடுது. எந்திரப்பி குறையத்தானே வேணும்? அப்ப ஏன் கறள் பிடிக்குது?"

இந்தக் கேள்விக்கு யாராவது இலக்கத்தோடு பதில் சொல்லிவிட்டால் அவருக்குக் கிப்ஸ் சக்தி விளங்கிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன். ஏனென்றால் சமன்பாட்டைப் பாடமாக்கி விடை எழுதுகிற பிள்ளைகள் நிறையப் பேர், ஆனால் அதில் ஏன் ஒரு சயக் குறி நடுவில் இருக்கிறது, கிப்ஸ் சக்தி மாற்றம் மறையாக இருந்தால் ஏன் தாக்கம் நடக்கும் என்று கேட்டால் பலர் நின்றுவிடுகிறார்கள். அதனால் அந்தக் கறள் செதிலைக் கையில் வைத்துக்கொண்டே முழுப் பாடத்தையும் நடந்து பார்ப்போம். ஒரு பேனை, கொப்பி, கல்குலேற்றர் இருந்தால் போதும். வாசித்துக்கொண்டு போகாமல் கணக்குகளை நீங்களும் செய்துகொண்டு வாருங்கள்.

முதலில் எந்திரப்பி. "எந்திரப்பி என்றால் ஒழுங்கீனம்" என்று கொப்பியில் எழுதியிருப்பீர்கள். அந்த வரியை வெட்டிவிட்டு "எத்தனை விதமாக இருக்கலாம் என்ற எண்ணிக்கை" என்று எழுதுங்கள். ஒழுங்கீனம் என்ற சொல் கலைந்து கிடக்கிற அறையையும் புத்தக மேசையையும் மனதில் கொண்டுவருகிறது, அதை வைத்து ஒரு கணக்கும் செய்ய முடியாது. எண்ணிக்கை அப்படியில்லை, எண்ணிப் பார்க்கலாம்.

எண்ணுவோம். நடுவில் திறந்த கதவுள்ள இரண்டு அறைகள், உள்ளே 4 துணிக்கைகள். ஒவ்வொன்றும் இடப்பக்கம் இருக்கலாம் அல்லது வலப்பக்கம் இருக்கலாம், ஆக மொத்தம் 16 விதம். நான்கும் இடப்பக்கமே இருப்பதற்கு 1 விதம்தான் உண்டு. இரண்டு இங்கே இரண்டு அங்கே என்று இருப்பதற்கு 6 விதம். 10 துணிக்கைகள் என்றால் மொத்தம் 1024 விதம், எல்லாம் ஒரே பக்கம் இருப்பதற்கு அப்போதும் 1 விதம்தான், ஐந்தைந்தாகப் பிரிவதற்கோ 252 விதம். 100 துணிக்கைகள் என்றால் மொத்த எண்ணிக்கை 1-க்குப் பின்னால் 30 பூச்சியம் போட்ட அளவுக்குப் போய்விடும், அதிலும் எல்லாம் ஒரே பக்கம் என்பது அந்த ஒரே ஒரு விதம்தான். சாமி அறையில் கொளுத்திய சாம்பிராணியின் வாசம் வீடு முழுக்கப் பரவுகிறதே, அதை எந்த விசையும் தள்ளிக்கொண்டு போகவில்லை. பரவி இருப்பதற்கான விதங்கள் அவ்வளவு அதிகம், மூலைக்குள் திரும்பிச் சேர்வதற்கான விதங்கள் அவ்வளவு குறைவு, அவ்வளவுதான் காரணம். வியன்னாவில் பௌதிகவியலாளர் போல்ட்ஸ்மனின் கல்லறையில் செதுக்கியிருப்பது இந்தக் கருத்துத்தான்: எந்திரப்பி என்பது ஒரு மாறிலியை அந்த எண்ணிக்கையின் மடக்கையால் பெருக்கினால் வருவது.

துணிக்கைகள் இடத்தில் பரவுவது போலவே சக்தியும் துணிக்கைகளுக்கிடையில் பல விதமாகப் பங்கிடப்படலாம். அதனால் ஒரு பொருளுக்கு வெப்பம் கொடுத்தாலும் அதன் எந்திரப்பி கூடும். எவ்வளவு கூடும்? கொடுத்த வெப்பத்தை கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் வருகிற அளவு. எந்திரப்பிக்குப் பெயர் வைத்த குளோசியஸ் 1865 இல் அதை இந்த வழியில்தான் வரையறுத்தார், யூல் கீழ் கெல்வின் என்ற அலகும் இங்கிருந்துதான் வருகிறது. ஏன் வெப்பநிலையால் வகுக்கிறோம் என்பதைச் சம்பளத்தை வைத்து யோசியுங்கள். சம்பளம் கைக்கு வந்த அன்று 1000 ரூபாய் கூடக் கிடைத்தால் பெரிதாகத் தெரியாது, மாதக் கடைசியில் அதே 1000 ரூபாய் வீட்டையே தூக்கி நிறுத்தும். ஏற்கனவே நிறையச் சக்தி உள்ள சூடான பொருளுக்கு ஒரு யூல் என்பது சின்னது, குளிரான பொருளுக்கு அதே ஒரு யூல் பெரியது.

இப்போது கறளுக்கு வருவோம். உண்மையான கறளில் நீரும் சேர்ந்திருக்கும், கணக்கை இலகுவாக்க நீரில்லாத பெரிக் ஒட்சைட்டாக எடுப்போம். 4 மூல் இரும்பும் 3 மூல் ஒட்சிசனும் சேர்ந்து 2 மூல் பெரிக் ஒட்சைட்டைத் தருகின்றன. 298 கெல்வினில் இந்தத் தாக்கத்தின் எந்திரப்பி மாற்றம் கிட்டத்தட்ட −549 யூல் கீழ் கெல்வின். பிள்ளை சொன்னது சரிதான், 3 மூல் வாயு காணாமல் போகிறது, எந்திரப்பி நன்றாகவே குறைகிறது. ஆனால் அவள் கம்பியையும் ஒட்சிசனையும் மட்டும் பார்த்தாள். இதே தாக்கம் கிட்டத்தட்ட 1648 கிலோயூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் எங்கே போகிறது? சுற்றியிருக்கிற காற்றுக்கும் சுவருக்கும் கடலுக்கும். மெதுவாகப் போவதால் கை வைத்தால் சூடு தெரியாது, ஆனால் போகிறது. 1648000 ஐ 298 ஆல் வகுங்கள், கிட்டத்தட்ட 5530 வரும். ஆக, சூழலின் எந்திரப்பி 5530 கூடுகிறது, தொகுதியின், அதாவது கம்பியும் ஒட்சிசனும் சேர்ந்ததன், எந்திரப்பி 549 குறைகிறது, மொத்தத்தில் கிட்டத்தட்ட 4980 யூல் கீழ் கெல்வின் கூடுகிறது. கம்பி தன் கணக்கில் இழந்ததைப்போல பத்து மடங்கைச் சூழல் வரவு வைத்துவிட்டது.

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி தொகுதியின் எந்திரப்பி மட்டும் கூட வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை, தொகுதியும் சூழலும் சேர்ந்த மொத்தம் கூட வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்த "மொத்தம்" என்ற சொல்லை விட்டுவிட்டுப் படித்ததுதான் அவளுடைய குழப்பத்துக்குக் காரணம், அதை அழுத்திச் சொல்லாதது சொல்லிக்கொடுக்கிற எங்கள் பிழை.

சரி, ஒவ்வொரு தாக்கத்துக்கும் சூழலைத் தனியாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பது கரைச்சலான வேலை. இங்கேதான் கிப்ஸ் வருகிறார். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லார்ட் கிப்ஸ் 1876 இலும் 1878 இலும் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், சூழலைத் தனியாகப் பார்க்காமல் தொகுதியை மட்டும் வைத்தே விடை காணும் வழியைக் கொடுத்தார். நீங்களே ஒரு நிமிடத்தில் பெறலாம். கொப்பியில் எழுதுங்கள்:

மொத்த எந்திரப்பி மாற்றம் = தொகுதியின் எந்திரப்பி மாற்றம் − (வெப்பவுள்ளுறை மாற்றம் ÷ வெப்பநிலை)

வெப்பவுள்ளுறை மாற்றம் என்பது மாறா அமுக்கத்தில் தொகுதி உள்ளே எடுக்கிற வெப்பம், வெளியே விட்டால் அது மறை. இரண்டாவது உறுப்பில் சயக் குறி வருவது ஏன் என்று தெரியும்தானே, தொகுதி வெளியே விட்ட வெப்பம் சூழலுக்கு வரவு. இப்போது இரண்டு பக்கத்தையும் மறை வெப்பநிலையால் பெருக்குங்கள். வலப்பக்கத்தில் வெப்பவுள்ளுறை மாற்றம், அதிலிருந்து வெப்பநிலையை எந்திரப்பி மாற்றத்தால் பெருக்கியதைக் கழித்தது. அதுதான் கிப்ஸ் சக்தி மாற்றம். நீங்கள் டெல்டா ஜி, டெல்டா எச், டெல்டா எஸ் என்று எழுதிப் பாடமாக்கிய அதே சமன்பாடு. இடப்பக்கத்தில் இருப்பதோ மொத்த எந்திரப்பி மாற்றத்தின் மறை மடங்கு. மொத்தம் கூடினால் டெல்டா ஜி மறையாகும், மொத்தம் குறைந்தால் நேராகும், மொத்தம் மாறாவிட்டால் பூச்சியமாகும், அதாவது சமநிலை. மாறா வெப்பநிலை, மாறா அமுக்கம் என்ற நிபந்தனையும் இதிலிருந்தே விளங்கும், நாங்கள் ஒரே வெப்பநிலையால் வகுத்தோம், வெப்பத்தை வெப்பவுள்ளுறை மாற்றமாக எடுத்தோம்.

கறளுக்குப் போட்டுப் பாருங்கள். −1648 + 298 × 0.549, கிட்டத்தட்ட −1484 கிலோயூல். முன்னர் வந்த 4980 ஐ −298 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தாலும் இதுவேதான். இரண்டு வழியாலும் ஒரே இலக்கம் வருவதை ஒரு தடவை உங்கள் கையால் செய்து பார்த்தால் பிறகு அந்தச் சயக் குறி ஒருநாளும் மறக்காது.

"சுயாதீன சக்தி" என்று பழைய கொப்பிகளில் இருப்பதற்கும் காரணம் உண்டு. 1 மூல் ஐதரசன் ஒட்சிசனுடன் சேர்ந்து திரவ நீராகும்போது வெப்பவுள்ளுறை மாற்றம் −285.8 கிலோயூல், கிப்ஸ் சக்தி மாற்றம் −237.1 கிலோயூல். எரிபொருட் கலத்தில் எவ்வளவு கெட்டித்தனமாகச் செய்தாலும் மின்னாக எடுக்கக்கூடியது ஆகக்கூடியது 237.1 தான், மீதி 48.7 கிலோயூலைச் சூழலுக்கு வெப்பமாகக் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் மொத்த எந்திரப்பி குறைந்துவிடும். எங்கள் விருப்பத்துக்குப் பயன்படுத்தக்கூடிய பங்கு என்பதால்தான் சுயாதீனம்.

இனிக் கணக்குச் செய்யும் ஒழுங்கு. வினாவைக் கண்டவுடன் கல்குலேற்றரைத் தொடாதீர்கள். முதலில் இரண்டு பக்கத்திலும் எத்தனை மூல் வாயு என்று எண்ணி எந்திரப்பியின் குறியை ஊகித்து ஓரத்தில் எழுதுங்கள். வாயு கூடினால் நேர், குறைந்தால் மறை, பெரும்பாலும் அது போதும். வாயுவே இல்லாவிட்டால் திண்மம் திரவமாகிறதா, கரைகிறதா என்று பாருங்கள், ஆனால் கரைதலில் கவனம், ஏற்றம் கூடிய அயன்கள் நீர் மூலக்கூறுகளைச் சுற்றி இழுத்து வைத்துக்கொள்வதால் சில உப்புகள் கரையும்போது எந்திரப்பி குறையவும் செய்யும். பிறகு வெப்பம் வெளியே போகிறதா உள்ளே வருகிறதா என்று எழுதுங்கள். அதன் பிறகுதான் இலக்கம். இலக்கத்தில் பிள்ளைகள் புள்ளி இழக்கிற இடம் எப்போதும் ஒன்றுதான்: வெப்பவுள்ளுறை கிலோயூலில் இருக்கும், எந்திரப்பி யூலில் இருக்கும், இரண்டையும் அப்படியே கழித்துவிடுவார்கள். எந்திரப்பியை எழுதும்போதே 1000 ஆல் வகுத்து எழுதப் பழகுங்கள். பாகை செல்சியஸைக் கெல்வினாக மாற்றுவதும் அப்படியே, முதல் வரியிலேயே மாற்றிவிடுங்கள்.

ஐஸ்கட்டியில் செய்து காட்டுகிறேன். ஐஸ் உருகும்போது வெப்பவுள்ளுறை மாற்றம் மூலுக்கு +6.01 கிலோயூல், எந்திரப்பி மாற்றம் +22.0 யூல் கீழ் கெல்வின், அதாவது 0.0220 கிலோயூல். கொழும்பில் மத்தியானம் 30 பாகை என்று வைப்போம், 303 கெல்வின். 303 × 0.0220 = 6.67. கிப்ஸ் சக்தி மாற்றம் 6.01 − 6.67 = −0.66 கிலோயூல். உருகும். அதே கட்டியைப் பிரிஜ்ஜின் மேல்தட்டில் −18 பாகையில், 255 கெல்வினில் வையுங்கள். 255 × 0.0220 = 5.61. மாற்றம் +0.40. உருகாது. இரண்டு கணக்கிலும் ஐஸ் அதே ஐஸ், வெப்பவுள்ளுறையும் எந்திரப்பியும் கிட்டத்தட்ட அதே அளவு, அப்படியானால் என்ன மாறியது? சூழல். ஐஸ் உறிஞ்சுகிற 6.01 கிலோயூலைச் சூழல்தான் கொடுக்க வேண்டும், சூடான சூழலுக்கு அந்த இழப்புச் சின்னது, குளிரான சூழலுக்குப் பெரியது. மாதக் கடைசி ஞாபகம் வருகிறதா? இரண்டும் சரிசமமாகிற வெப்பநிலை 6010 ஐ 22.0 ஆல் வகுத்தால் வரும், 273 கெல்வின். உருகுநிலை என்று நாங்கள் பாடமாக்கிய இலக்கம் இந்த வகுத்தலில் தானாக வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கும்.

விளையாட்டுப் போட்டி நாளில் குளுக்கோஸ் தூளை வாயில் போட்டிருப்பீர்கள், நாக்கில் சில்லென்று இருக்கும். கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது, ஆனாலும் தானாகக் கரைகிறது. "வெப்பம் வெளிவிடும் தாக்கம்தான் தானாக நடக்கும்" என்று யாராவது சொன்னால் அவர்கள் கையில் ஒரு கரண்டி குளுக்கோஸைக் கொடுங்கள்.

நான்கு குறிகளை வைத்து ஓர் அட்டவணை கொடுப்பார்களே, அதையும் பாடமாக்க வேண்டாம். வெப்பம் வெளியே, எந்திரப்பி கூடுதல்: சூழலும் வரவு தொகுதியும் வரவு, எந்த வெப்பநிலையிலும் நடக்கும். இரண்டும் செலவானால் எந்த வெப்பநிலையிலும் நடக்காது. ஒன்று வரவு மற்றது செலவு என்றால் வெப்பநிலைதான் முடிவு சொல்லும், சூடு கூடக் கூடச் சூழலின் பங்கு சுருங்கித் தொகுதியின் எந்திரப்பி மேலெழும்.

சுண்ணாம்பு இதற்கு நல்ல உதாரணம். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல்லின்மேல் இருக்கிறது, தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்ததும் தெரிந்ததுதான். கல்சியம் காபனேற்று பிரிந்து கல்சியம் ஒட்சைட்டும் காபனீரொட்சைட்டும் ஆவதற்கு வெப்பவுள்ளுறை மாற்றம் +178 கிலோயூல், எந்திரப்பி மாற்றம் கிட்டத்தட்ட +160 யூல் கீழ் கெல்வின். 298 கெல்வினில் கிப்ஸ் சக்தி மாற்றம் ஏறத்தாழ +130. எத்தனை ஆயிரம் வருடம் வெயிலில் கிடந்தாலும் கல் சுண்ணாம்பாகாது. 178000 ஐ 160 ஆல் வகுங்கள், கிட்டத்தட்ட 1110 கெல்வின், அதாவது ஏறத்தாழ 840 பாகை செல்சியஸ். சூளைக்காரருக்கு இந்தச் சமன்பாடு தெரிந்திருக்காது, ஆனால் கல்லைச் செந்தணலாகக் காய வைக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. நீர் ஊற்றி நீறாக்கிய அந்தச் சுண்ணாம்புதான் வெற்றிலைத் தட்டத்துக்கு வருகிறது.

இனி, நான் ஆக அதிகம் சொல்ல விரும்புகிற விஷயம். பரீட்சைக்குத் தேவைப்பட்டாலும் இல்லாவிட்டாலும் இது தெரியாமல் கிப்ஸ் சக்தி முழுமையாகாது. நீர் ஆவியாவதற்கு 25 பாகையில் கணக்குப் பாருங்கள். வெப்பவுள்ளுறை மாற்றம் +44.0 கிலோயூல், எந்திரப்பி மாற்றம் +118.8 யூல் கீழ் கெல்வின். 298 ஆல் பெருக்கினால் 35.4. கிப்ஸ் சக்தி மாற்றம் +8.6 கிலோயூல். நேர். அப்படியென்றால் நீர் ஆவியாகக் கூடாது. ஆனால் பால்கனியில் போட்ட உடுப்புக் காய்கிறதே?

கணக்குப் பிழையில்லை. நாங்கள் கண்டது நியமக் கிப்ஸ் சக்தி மாற்றம், அதாவது உருவாகிற நீராவி 1 பார் அமுக்கத்தில் இருக்கிறது என்று வைத்துச் செய்த கணக்கு. பால்கனிக் காற்றில் நீராவியின் பகுதியமுக்கம், அதாவது நீராவி மட்டும் தருகிற அமுக்கம், அதில் நூற்றில் சில பங்குதான். ஐதாக இருக்கிற ஆவிக்கு அலைந்து திரிய இடம் அதிகம், விதங்களின் எண்ணிக்கை அதிகம், எந்திரப்பியும் அதிகம். அதனால் நியம அளவோடு ஒரு திருத்தத்தைக் கூட்ட வேண்டும்: வாயு மாறிலி, வெப்பநிலை, தாக்க ஈவின் இயற்கை மடக்கை மூன்றையும் பெருக்கி வருவது. தாக்க ஈவு என்பது விளைவுகளின் அளவுகளைத் தாக்கிகளின் அளவுகளால் வகுத்தால் வருவது. இங்கே அந்த ஈவு நீராவியின் பகுதியமுக்கம்தான், பாரில். மொத்தம் பூச்சியமாகிற அமுக்கம் எது என்று கண்டால் 0.031 பார் வரும். 25 பாகையில் நீரின் நிரம்பலாவி அமுக்கத்தை அளந்தால் 0.0317 பார். புத்தகத்தில் இருக்கிற இரண்டு இலக்கங்களிலிருந்து, நீரைத் தொடாமலே, இவ்வளவு கிட்டே வந்துவிட்டோம்.

இப்போது அதைக் கொழும்புக்குக் கொண்டுவாருங்கள். 30 பாகை, ஈரப்பதன் 60 சதவீதம் என்றால் ஆவியாதலின் கிப்ஸ் சக்தி மாற்றம் மூலுக்குக் கிட்டத்தட்ட −1.29 கிலோயூல். 80 சதவீதம் என்றால் −0.56 தான். 100 சதவீதம் என்றால் பூச்சியம். மழை விடாமல் பெய்கிற நாளில் பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டு மூன்று நாளாகக் கொடியில் தொங்கியும் தோள்பட்டைத் தையலில் ஈரம் போகாமல் மணக்கிறதே, அந்தச் சேட்டுச் சமநிலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அம்மா மின்விசிறியைப் போட்டுவிடுவது துணியை ஒட்டி நிற்கிற ஈரக் காற்றை விலக்கி அந்த ஈவைக் குறைக்கத்தான்.

கடைசியாக வேகம். கிப்ஸ் சக்தி மாற்றம் எவ்வளவு பெரிய மறை எண்ணாக இருந்தாலும் அது எவ்வளவு விரைவாக நடக்கும் என்று சொல்லவே சொல்லாது. வைரம் காரீயமாக (கிராபைற்றாக) மாறுவதற்கு அறை வெப்பநிலையில் மாற்றம் −2.9 கிலோயூல், தானாக நடக்க வேண்டிய மாற்றம், ஆனால் எந்த மோதிரத்திலும் வைரம் போகலைச் சுரங்கத்தில் தோண்டி எடுக்கிற காரீயமாக மாறியதைக் கண்டவர் இல்லை. அணுக்களைப் பிரித்து மீண்டும் அடுக்க வேண்டிய ஏவற்சக்தி அவ்வளவு பெரியது. அமோனியாத் தயாரிப்பில் இதே இழுபறி பணமாகவே தெரியும். நைதரசனும் ஐதரசனும் சேர்ந்து 2 மூல் அமோனியா தருவதற்கு வெப்பவுள்ளுறை மாற்றம் −92.2 கிலோயூல், எந்திரப்பி மாற்றம் −198.7 யூல் கீழ் கெல்வின். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 464 கெல்வினுக்கு மேலே நியமக் கிப்ஸ் சக்தி மாற்றம் நேராகிவிடும், அது 191 பாகை செல்சியஸ்தான். ஆனால் தொழிற்சாலை 400 பாகைக்கு மேலே ஓடுகிறது, ஏனென்றால் அதற்குக் கீழே இரும்பு ஊக்கி இருந்தும் தாக்கம் ஊர்ந்துதான் நகரும். சூட்டால் இழந்ததைச் சரிக்கட்டத்தான் நூற்றுக்கணக்கான வளிமண்டல அமுக்கம் கொடுக்கிறார்கள். அமுக்கம் எங்கே உதவுகிறது என்று கேட்டால், உடுப்புக் காய்ந்த கணக்கில் வந்த அதே தாக்க ஈவில்.

பால்கனிக் கம்பியின் பெயின்றும் இப்படித்தான். பெயின்ற் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அந்த −1484 மாறாது, நீரும் ஒட்சிசனும் இரும்பைத் தொடுகிற வழியை மறித்து வைக்கிறது, எங்கே ஒரு கீறல் விழுகிறதோ அங்கே தொடங்கிவிடும், உப்புக் காற்று அதை இன்னும் விரைவாக்கும். நாகம் (சிங்க்) பூசிய கம்பி கொஞ்சம் வேறு. 1 மூல் ஒட்சிசனுக்கு என்று பார்த்தால் இரும்பு ஒட்சியேறும்போது மாற்றம் கிட்டத்தட்ட −495 கிலோயூல், நாகத்துக்கு கிட்டத்தட்ட −640. அதனால் கீறல் விழுந்தாலும் நாகம்தான் முந்திக்கொண்டு ஒட்சியேறும், அது தீரும்வரை இரும்பு தப்பும். இந்த இரண்டு இலக்கங்களையும் எழுதிக் கொடுத்தபோது அந்தப் பிள்ளை செதிலைக் கொப்பிக்குள் ஒட்டிவைத்துவிட்டு, தங்கள் வீட்டுக் கம்பியில் நாகம் பூசியிருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்கப் போவதாகச் சொன்னாள்.